மலையேற்றத்தின் கணக்கு
(எவரெஸ்ற் தென்மேற்கு முகப்பு, 1975)

இமயம் என்னுஞ் சொல் தமிழர்க்குப் புதியதன்று. சேர மன்னர் அம்மலையில் விற்பொறி பொறித்தனர் எனச் சங்கப் புலவர் பாடினர். சைவ நன்மக்கள் வடகயிலையை இறைவன் உறைவிடமாக வணங்கி வருகின்றனர். ஆயினும், அம்மலைத் தொடரின் மிகவுயர்ந்த சிகரத்தின்மீது மனிதர் ஏறிய செய்தியை நாம் படிக்கும்போது, உச்சியில் நின்ற இருவரின் பெயர்களையே நினைவிற் கொள்கின்றோம். அவ்விருவரும் அங்கு நிற்பதற்காகப் பல திங்களுக்கு முன்னரே மேசைமீது தாளும் எழுதுகோலுங் கொண்டு போடப்பட்ட கணக்கினைப் பற்றி நாம் அறிவது மிகச் சிறிது. மலையேற்றம் என்பது துணிவின் செயல் என்பது உண்மையே. அத்துணிவினை ஏந்தி நிற்பது கணக்கு என்பதும் உண்மையே. அக்கணக்கு எத்தன்மையது என்பதனை ஓர் உண்மை வரலாற்றின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் வழியும்

எவரெஸ்ற் சிகரத்தின் உயரம் 8,848 மீற்றர். எமது நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமுடையது. எவரெஸ்ற் ஏறுவோர் தமது அடிவாரப் பாசறையை அமைக்கும் இடமே ஏறத்தாழ 5,350 மீற்றர் உயரத்தில் உள்ளதெனின், அதாவது பிதுருதலாகலையின் உயரத்தினும் இருமடங்குக்கு மேற்பட்ட இடத்திலேயே ஏற்றந் தொடங்குகின்றதெனின், அம்மலையின் தன்மையை ஒருவாறு உணரலாம்.

1953 ஆம் ஆண்டு மே 29 ஆந் திகதி ஹிலறியும் தேன்சிங்கும் ஏறிய வழி தென்கணவாய் வழியாகும். ஜோன் ஹன்ற் தலைமையிலான குழுவினர் ஏறிய அவ்வழியே இன்றும் பொதுவழியாக விளங்குகின்றது. அம்மலையின் தென்மேற்கு முகப்போ வேறு வகையினது. மேற்குப் பள்ளத்தாக்கு எனப்படும் பனிப்பள்ளத்திலிருந்து சிகரம் வரை இரண்டாயிரம் மீற்றருக்கு மேலாக அது நேரே எழுந்து நிற்கின்றது. அம்முகப்பின் மேற்பகுதியில், 8,000 மீற்றர் அளவிலே, சுமார் 300 மீற்றர் உயரமான பாறை மதில் ஒன்று குறுக்கே கிடக்கின்றது. மூச்சுவிடுதலே ஒரு தொழிலாகிவிடும் உயரத்தில், கைகளாலும் கால்களாலும் பாறையேறவேண்டிய நிலையை இம்மதில் உண்டாக்குகின்றது.

1969 ஆம் ஆண்டு முதல் 1973 ஆம் ஆண்டு வரை ஜப்பானியரும், பன்னாட்டுக் குழுவினரும், ஐரோப்பியரும், பிரித்தானியரும் மாறி மாறி இம்முகப்பில் முயன்று, அம்மதிலின் அடியிலோ அருகிலோ தோல்வியுற்றுத் திரும்பினர். 1972 ஆம் ஆண்டில் தோற்றுத் திரும்பிய பிரித்தானியக் குழுவின் தலைவர் கிறிஸ் பொனிங்ரன். அவரே 1975 ஆம் ஆண்டில் மீண்டுஞ் சென்றார். இம்முறை வெற்றி கிட்டியது. மலை மாறவில்லை, ஏறியவருட் பலரும் முன்னர் முயன்றவரே. மாறியது பெரும்பாலும் கணக்கேயாகும்.

காலக் கணக்கு

இமயத்தில் ஏறுவதற்கு ஆண்டில் இரு பருவங்களே தக்கவை. ஒன்று பருவமழைக்கு முற்பட்ட வைகாசி. மற்றையது மழை ஓய்ந்த பின்வரும் புரட்டாதி, ஐப்பசி. இப்பின்பருவத்தில் ஓர் இடர் உண்டு. மழை ஓய்ந்தபின் மலை சில வாரங்கள் அமைதியாயிருக்கும். அதன்பின் மேல்வானத்துப் பெருங்காற்று கீழிறங்கிச் சிகரத்தைத் தாக்கத் தொடங்கும். நாள் செல்லச் செல்லக் குளிரும் மிகும். 1972 ஆம் ஆண்டிற் பொனிங்ரன் குழுவினர் மழை ஓய்ந்தபின் ஏறத்தொடங்கி, மேற்பாசறைகளை அடையும்போது கார்த்திகை வந்துவிட்டது. காற்றே அவர்களை வென்றது.

ஆதலின் 1975 இல், உச்சியை அடையவேண்டிய நாளை முதலிற் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாட்களை எண்ணினர். செப்ரெம்பர் இறுதிக்குள் உச்சியை அடையவேண்டுமெனின், ஓகஸ்ற் இறுதியில், மழை ஓயுமுன்னரே, அடிவாரப் பாசறை அமையவேண்டும். மழைக்காலத்திலோ மலைப்பாதைகள் சேறாகிவிடும். சிறு விமானங்கள் இறங்குவதும் அரிதாகிவிடும். எனவே பொருள்கள் அனைத்தும் மழை தொடங்குமுன்னரே மலையடிக்குச் சென்றுவிடவேண்டும். இலண்டனிலிருந்து காத்மண்டு வரை இரு பெரும் லொறிகளில் தரைவழியாகவே பொருள்கள் அனுப்பப்பட்டன. அங்கிருந்து அவை ஷெர்ப்பா நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கும்ஜுங்கை அடுத்த கும்டே என்னும் ஊரிற் சேமிக்கப்பட்டன. ஏறுவோர் மழைநாளில் வெறுங்கையராய் நடந்து வந்து சேர்ந்தபோது, அவர்களது பொருள்கள் அங்கே அவர்களை எதிர்நோக்கியிருந்தன.

இத்தகைய முற்செலவுக்கு வேண்டிய பொருளுதவியைப் பார்க்லேஸ் வங்கி ஏற்றுக்கொண்டது. முன்னைய முயற்சிகளிற் பணந்தேடி அலைவதிலேயே தலைவரின் காலம் கழிந்தது. இம்முறை அக்காலம் திட்டமிடுதற்குக் கிடைத்தது.

முற்படத் தொடங்குவதற்கு ஒரு விலையுமுண்டு. மழைக்காலத்துப் புதுப்பனி சரிவுகளிற் குவிந்து, பனிச்சரிவாக வீழும் அபாயத்தை மிகுவிக்கும். காற்றின் அபாயத்தைக் குறைப்பதற்காகப் பனிச்சரிவின் அபாயத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். அதற்கு ஈடாக, ஹமிஷ் மக்கின்னிஸ் என்பார் வலிய உலோகச் சட்டமுடைய பெட்டி வடிவக் கூடாரங்களை வகுத்தளித்தார். பாசறைகளின் இடங்களும் மீள ஆராய்ந்து குறிக்கப்பட்டன. ஓர் இடரை நீக்குமிடத்து மற்றோர் இடர் எங்கே தோன்றும் என ஆராய்வது திட்டமிடுதலின் முதற் பாடமாகும்.

சுமைக் கணக்கு

இனி, இவ்வகை மலையேற்றத்தின் உயிர்நிலையாகிய சுமைக் கணக்கினை நோக்குவோம். இக்கணக்குச் சிகரத்திற் தொடங்கி அடிவாரத்தில் முடிவது. விளக்கத்தின் பொருட்டு எளிய எண்களை நாமே எடுத்துக்கொள்வோம்.

உச்சிக்கு மிக அண்மையிலுள்ள ஆறாவது பாசறையில் இருவர் சில இரவுகள் தங்கவேண்டும். அவர்களுக்குக் கூடாரம், உறங்கற்பைகள், அடுப்பு, எரிபொருள், உணவு, கயிறு, ஒட்சிசன் உருளைகள் ஆகியன வேண்டும். இவை யாவும் 72 கிலோகிராம் என்க. அவ்வுயரத்தில் ஒருவர் 12 கிலோகிராமே சுமக்கவல்லார் எனின், ஆறு பேர் வேண்டும். அவ்வாறு பேரும் முதல்நாளிரவு ஐந்தாவது பாசறையிற் தங்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் உணவு, எரிபொருள், ஒட்சிசன் முதலியனவாக 8 கிலோகிராம் வேண்டுமெனின், 48 கிலோகிராம் ஆகின்றது. மேலே செல்லவேண்டிய 72 உம் சேர்ந்து, ஐந்தாவது பாசறைக்கு வந்துசேரவேண்டியது 120 கிலோகிராம். இதனைச் சுமக்கப் பத்துப்பேர். அப்பத்துப் பேருக்கும் நான்காவது பாசறையில் 80 கிலோகிராம். எனவே அங்கு வந்துசேரவேண்டியது 200. இவ்வாறே கணித்துச் செல்லின், மூன்றாவது பாசறையில் 336 உம், இரண்டாவது பாசறையில் 560 உமாக அது வளர்ந்துவிடுகின்றது.

மெய்யான மலையிற் கணக்கு இவ்வளவு நேரானதன்று. கீழ்ப்பகுதிகளில் மிகுந்த சுமை தூக்கலாம். சில பாசறைகளில் ஒருவரே பலநாள் தங்கிப் பலமுறை சுமப்பார். எனினும் இதன் பொருள் தெளிவானது: மேலே ஒரு கிலோகிராம் வேண்டுமெனின், கீழே ஏறத்தாழ எட்டுக் கிலோகிராம் புறப்படவேண்டும். மேலே ஒருவரைக் கூடுதலாக அனுப்ப எண்ணினாலும், புயலால் ஒருநாள் வீணாயினும், அதன் சுமை படிதோறும் பெருகிக் கீழே வந்து நிற்கும்.

கடினமான வழியில் இக்கணக்குப் பின்னும் சிக்கலாகின்றது. சுமப்போர் ஏறுவதற்கு நிலைக்கயிறு கட்டப்படல் வேண்டும். அதனைக் கட்டுவோர் முன்னணியில் ஏறும் இருவர். அவ்விருவரும் விரைந்து முன்னேறினால், கயிறும் உணவும் பின்னே தங்கிவிடும். மெல்லச் சென்றாற் பின்னே வருவோர் வேலையின்றி உணவை உண்டு தீர்ப்பர். முன்னணியும் சுமையணியும் ஒத்த நடையிற் செல்லவேண்டும். 1975 ஆம் ஆண்டுக் குழுவினர் புறப்படுமுன்னரே இந்நடையினைக் கணினியின் துணைகொண்டு பலவாறு கணித்துப் பார்த்தனர். மலையில் நின்று தலைவர் செய்த வேலையும் பெரும்பாலும் இதுவே. பாறை மதிலை நெருங்கிய வேளையிற் பொனிங்ரன் ஐந்தாவது பாசறையிலேயே தங்கி, வானொலிக் கருவிமூலம் கீழும் மேலும் பேசி, இன்று எவர் எதனை எங்குச் சுமப்பது என்பதனை நாள்தோறும் வகுத்து வந்தார். முன்னணியில் நின்றால் பின்னணி தெரியாது. அடிவாரத்தில் இருந்தால் முன்னணி தெரியாது. தலைவர் நிற்கவேண்டிய இடமும் திட்டத்தின் ஒரு பகுதியாகும்.

உடற் கணக்கு

எவரெஸ்ற் உச்சியில் காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் மூன்றிலொரு பங்கேயாகும். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வளவே. உடல் இந்நிலைக்குச் சிறிது சிறிதாகப் பழகவல்லது, குருதியிற் செவ்வணுக்கள் மிகும், மூச்சு விரைவுபடும். ஆதலின் ஏறுவோர் பகலில் உயர ஏறி, இரவிற் கீழே வந்து தங்கி, நாட்கணக்கிற் பழகுகின்றனர். இப்பழக்கத்திற்கு விரைவுவழி இல்லை. திட்டத்தில் வேறெதனைச் சுருக்கினாலும் இந்நாட்களைச் சுருக்குதலாகாது.

8,000 மீற்றருக்கு மேற் பழக்கமும் பயன் தராது. அங்கே உடல், உண்ணினும் உறங்கினும், நாள்தோறுந் தேய்ந்து வரும். எனவே அவ்வெல்லைக்கு மேல் எவரும் தேவைக்கு மேல் ஓரிரவும் தங்கலாகாது. குளிர்ந்து வறண்ட காற்றை வேகமாக மூச்சுவிடுவதனால் உடல்நீர் பெரிதும் வெளியேறும். குடிக்கும் நீர் முழுவதும் பனியை உருக்கியே பெறப்படல் வேண்டும். எரிபொருள் தீர்ந்தாற் பனி சூழ்ந்திருக்கவும் நாவறட்சியால் நலிய நேரும். கயிற்றினும் எரிபொருள் முக்கியம் என அனுபவமுடையோர் கருதுவதன் காரணம் இதுவே.

பாறை மதில்

இத்துணைக் கணக்கும் ஓரிடத்திற் சோதிக்கப்பட்டது. முன்னைய குழுவினர் பலர் மதிலின் வலப்புறத்தை நாடினர். 1975 இல் இடப்புறத்துப் பனிபடர்ந்த ஒடுங்கிய பிளவொன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. செப்ரெம்பர் 20 ஆந் திகதி நிக் எஸ்கோட்டும் ரற் பிறெயித்வெயிற்றும் அப்பிளவின் வழியே ஏறினர். இடைவழியில் இருவரது ஒட்சிசனுந் தீர்ந்தது. அந்நிலையிலும் எஸ்கோட் இளகிய பாறைமீது முன்னேறிக் கயிற்றைக் கட்டினார். ஐந்து முயற்சிகளைத் தடுத்த மதில் திறந்தது. அதனைத் திறந்த அவ்விருவரும் அவ்வாண்டிற் சிகரத்தை அடையவில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

செப்ரெம்பர் 22 இல் பொனிங்ரன், உணவுப் பொறுப்பாளராகிய மைக் தொம்சன், ஷெர்ப்பாக்களின் தலைவராகிய பேர்தெம்பா முதலியோர் சுமை தூக்கி வந்து ஆறாவது பாசறையை அமைத்துக் கொடுத்து, கீழிறங்கினர். அங்குத் தங்கியோர் டக் ஸ்கொற், டக்கல் ஹேஸ்ரன் என்னும் இருவர். மறுநாள் அவர்கள் உச்சிக்கு விரையவில்லை. மேற்பனிவெளியின் குறுக்கே சுமார் 1,500 அடி கயிற்றைக் கட்டிவிட்டுப் பாசறைக்கே மீண்டனர். உச்சிக்குச் செல்லும் வழியாக மட்டுமன்றி, களைத்த நிலையில் இருளில் மீளும் வழியாகவும் அக்கயிறு அவர்களுக்கு உதவுவதாயிருந்தது.

24 ஆந் திகதி விடியுமுன்னரே புறப்பட்டனர். வழியில் ஹேஸ்ரனது ஒட்சிசன் கருவியைப் பனிக்கட்டி அடைத்தது. அதனைச் சீர்செய்வதில் ஒரு மணிநேரத்துக்கு மேற் கழிந்தது. மென்பனியில் மார்பளவு புதைந்து முன்னேறினர். மாலை ஆறு மணிக்கு, சூரியன் மறையும் வேளையில், உச்சியை அடைந்தனர். அதே ஆண்டு மே மாதத்திற் சீனர் நாட்டிய முக்காலி அங்கே நின்றது.

கீழிறங்குகையில் இருள் சூழ்ந்தது. தென்சிகரத்தின் அருகே, ஏறத்தாழ 8,750 மீற்றர் உயரத்தில், பனியைக் குடைந்து சிறு குகையொன்றை ஆக்கி, ஒட்சிசனும் உறங்கற்பையும் இன்றி அவ்விரவைக் கழித்தனர். அதுவரையில் எவரும் அவ்வளவு உயரத்தில் இரவு தங்கியதில்லை. அவர்களிடம் ஒரு சிறு அடுப்பும் உறைவிடத் துணியும் இருந்தன. இரவு தங்கவும் நேரலாம் என முன்னரே எண்ணி எடுத்துச் சென்றவை அவை. மறுநாட் காலை விரலொன்றும் இழவாது கட்டிய கயிற்றைப் பற்றிப் பாசறை சேர்ந்தனர்.

கணக்கிற்கு அடங்காதது

செப்ரெம்பர் 26 இல் இரண்டாவது அணியினர் நால்வர் புறப்பட்டனர். அவருள் மார்ற்றின் பொய்சன் கருவிகள் பழுதுற்றமையால் தொடக்கத்திலேயே மீண்டார். இருபத்துநான்கு வயதினரான பீற்றர் போட்மனும் பேர்தெம்பாவும் உச்சியை அடைந்தனர். அவர்கள் இறங்கி வருகையில், படப்பிடிப்பாளராகிய மிக் பேர்க் தனியே மேலேறி வருவதைக் கண்டனர். உச்சி அண்மையிலே இருந்தது. தென்சிகரத்திற் காத்திருப்பதாகக் கூறி இருவரும் இறங்கினர். புயல் மூண்டது. பனிப்புகாரினிடையே ஒரு மணிநேரத்துக்கு மேற் காத்திருந்தனர். அதற்குமேல் நின்றால் மூவரும் மாள்வர் என்ற நிலையிலேயே போட்மன் இறங்கத் துணிந்தார். பேர்க் திரும்பவேயில்லை. அவர் உச்சியை அடைந்திருப்பார் என்றே பலரும் நம்புகின்றனர். பொனிங்ரன் மேலும் எவரையும் உச்சிக்கு அனுப்பாது, மலையை விட்டு இறங்குமாறு அனைவருக்கும் ஆணையிட்டார். மதிலைத் திறந்த எஸ்கோட்டும் பிறெயித்வெயிற்றும் உச்சி காணாது மீண்டமைக்குக் காரணம் இதுவே.

கயிறும் உணவும் ஒட்சிசனும் எண்ணப்பட்ட அத்திட்டத்தில், ஒரு மனிதன் எந்நேரத்தில் திரும்பவேண்டும் என்பதனை அம்மனிதனே முடிவு செய்யவேண்டியிருந்தது. திரும்பும் நேரத்தைக் கீழே, தெளிந்த மதியுடன் இருக்கும்போதே குறித்துக்கொள்ளலாம். மேலே அதனைக் காப்பது அவரவர் மனமே.

ஆட் கணக்கு

பிறிதோர் உண்மையையும் கூறாது விடுதல் முறையன்று. அடிவாரத்துக்கும் மேற்குப் பள்ளத்தாக்குக்கும் இடையே கும்பு பனியருவி உள்ளது. பெருவீடுகளை ஒத்த பனிப்பாளங்கள் ஒன்றன்மேலொன்றாய்ச் சாய்ந்து, நாள்தோறும் நகர்ந்து, முன்னறிவிப்பின்றிச் சரியும் இடம் அது. நாம் முன்னர்க் கணித்த ஒவ்வொரு சுமையும் ஒரு மனிதன் அப்பனியருவியை ஒருமுறை கடப்பதைக் குறிக்கின்றது. 1972 இற் குழுவினர் திரும்பும் வேளையில் அடிவாரத்தில் உதவியாயிருந்த ரொனி ரை அங்கே மாண்டார். 2014 ஏப்ரல் 18 இல் அதே இடத்தில் வீழ்ந்த பனிச்சரிவு, சுமை தூக்கிச் சென்ற நேபாளத் தொழிலாளர் பதினாறு பேரைக் கொன்றது. எனவே சுமைக் கணக்கிற் செய்யப்படும் சிக்கனம் பணச்சிக்கனம் மட்டுமன்று. தேவையற்ற ஒவ்வொரு சுமையும் பிறனொருவனின் உயிரைத் தேவையின்றிப் பணயம் வைப்பதாகும்.

சுமையே இன்றி ஏறலாகாதோ என்று வினவுவார்க்கும் வரலாறு விடை கூறுகின்றது. 1988 ஒக்ரோபரில் செக்கோசிலோவாக்கியர் நால்வர், ஒட்சிசனும் நிலைக்கயிறும் முன்னமைத்த பாசறைகளும் இன்றி, இதே தென்மேற்கு முகப்பில் ஏறினர். அவருள் ஜோசெப் ஜுஸ்ற் உச்சியை அடைந்தார். இறங்கும் வழியில் நால்வரும் மறைந்தனர். பிறர் தோளில் தம் இடரை ஏற்றாத அவ்வேற்றம் பெருமைக்குரியது. ஆயின் அதில் ஒரு நாட் தாமதத்திற்கேனும் இடமிருக்கவில்லை. நிறைந்த சுமை பலரை இடருக்குள்ளாக்குகின்றது. குறைந்த சுமை ஏறுவோரை மீளாவழியில் விடுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று அளவு காண்பதே தலைவரின் கடமை.

முடிவுரை

எமது நாட்டவரான ஜயந்தி குரு-உதும்பால 2016 மே 21 இல் தென்கணவாய் வழியாக எவரெஸ்ற் உச்சியை அடைந்தார். உச்சியை எய்திய முதல் இலங்கையர் அவரே. எனவே, இமயம் எமக்கு எட்டாத பொருள் எனக் கூறும் காலம் சென்றுவிட்டது. எம் இளைஞருட் சிலர் அங்குச் செல்லக்கூடும்; செல்லாதவரும் தத்தம் வாழ்வில் அரியதொரு செயலை மேற்கொள்ளவே போகின்றனர்.

அவர்களுக்கு இவ்வரலாறு கூறுவன சில. அடையவேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுக. மேலே வேண்டுவது யாது எனத் துணிந்தபின் கீழே சுமக்கத் தொடங்குக. உமது சுமையை எவர் தூக்குகின்றனர் என்பதனை மறவாதீர். கணக்கின் இறுதி வரியாக உச்சியை எழுதாது, அனைவரும் மீண்டு வந்து சேரும் நாளை எழுதுக. 1975 ஆம் ஆண்டுக் கணக்கு மிகத் திறம்பட வகுக்கப்பட்டது. ஆயினும் அதன் இறுதி வரியில் ஒருவர் குறைந்தார். அவ்வெற்றியைப் பற்றி எழுதுவோர் அனைவரும் அவ்வொருவரையுஞ் சேர்த்தே எழுதவேண்டியிருப்பது, திட்டமிடுவோர் என்றும் மனத்திற் கொள்ளத்தக்கதாகும்.